வலையின் ஓரம் பிடித்தவர்கள்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதத்தில். பள்ளிகளுக்குப் பனிக்கால விளையாட்டு விடுமுறை விட்டிருந்த கிழமை. நாங்கள் இருப்பது சுவிட்சர்லாந்தில், சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள டீட்டிகோனில். அங்கிருந்து காலையில் காரில் போய்ப் பொழுதுபடுமுன் திரும்பி வரக்கூடிய தூரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய பனிச்சறுக்கு இடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்பவர்கள் மேல் எந்தப் பிழையும் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குப் பனிச்சறுக்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். காரணம் ஒரு படம். மகளுக்கு அப்போது ஐந்து வயது. கிண்டர்கார்டனில் ஒரு மலையை வரைந்து கொண்டுவந்தாள். மலை நிறையப் பிள்ளைகள், எல்லோர் காலிலும் ஸ்கீ, பனியில் சறுக்கும் நீளப் பலகை. கீழே ஒரு மூலையில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு பிள்ளை தனியாக நிற்கிறது. அது யார் என்று கேட்டேன். "அது நான்" என்றாள், சாதாரணமாக. எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான்.

நான் ஏற்கெனவே கொஞ்சம் ஸ்கீ ஓடுவேன். களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கீசியர் ஒருவர் இரண்டு குளிர்காலம் என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கியிருந்தார். பார்ப்பதற்கு அழகாக இருக்காது. ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பேன். ஆகவே அந்த விடுமுறையில் மகளைச் சிறுவர் வகுப்பில் சேர்த்தேன். மனைவி சம்மதித்தாள், ஆனால் உடுப்பை அவள்தான் வாங்கினாள். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக ஒரு ஜாக்கெட். கையை நீட்டினால் விரல் தெரியாது. எங்கள் ஆட்களின் பிள்ளைகள் எல்லாம் முதல் வருடம் உடுப்புக்குள் தொலைந்துபோய், மூன்றாம் வருடம்தான் வெளியே வருவார்கள்.

முதல் இரண்டு நாளும் அடிவாரத்துச் சிறு சரிவில், தரையோடு ஓடும் பட்டியில் ஏறி இறங்கினாள். விழுந்தாள், எழுந்தாள், மூக்கு வழிய வழியச் சிரித்தாள். மூன்றாம் நாள் பயிற்சி கொடுத்த பெண், இனிப் பின்னேரம் அப்பாவோடு சின்னச் செஸ்ஸல்லிஃப்டில் போகலாம் என்றார். செஸ்ஸல்லிஃப்ட் என்றால் கம்பியில் தொங்கிக்கொண்டு வரும் நாற்காலி. ஒன்றில் மூன்று பேர் இருக்கலாம். பின்னால் வந்து முழங்காலில் தட்டும், அப்படியே இருந்துவிட வேண்டும். கால்களில் ஸ்கீயோடு மேலே போக வேண்டியதுதான். ஏறியவுடன் தலைக்கு மேலிருக்கும் காப்புக் கம்பியை இழுத்து மடிக்கு முன்னால் இறக்க வேண்டும்.

எங்களோடு மூன்றாவது ஆளாக ஒரு வயதான சுவிஸ் பெண்மணி வந்து நின்றார். எழுபது இருக்கும். மகள் அவருக்கு வணக்கம் சொன்னாள், அவரும் சொன்னார். மகளை நடுவில் விட்டோம். நாற்காலி வந்தது. நான் அவளைத் தூக்கி நன்றாகப் பின்னால் தள்ளி இருத்தினேன். எல்லாம் சரி. தரை கீழே போகத் தொடங்கியது. நான் தலையை நிமிர்த்திக் காப்புக் கம்பியைப் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்து, ஆடிக்கொண்டிருந்த மகளின் ஸ்கீ அந்தப் பெண்மணியின் காலில் போய் இடித்தது.

தமிழ் வாசகருக்கு இனி நான் சொல்லத் தேவையில்லை. ஆருக்காவது கால் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கும் முன்பே பழக்கிவிடுவோம். தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். என் மகளுக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே பழகியிருந்தது. ஒருமுறை பந்தை உதைத்துவிட்டு ஓடிப்போய்ப் பந்தைத் தொட்டுக் கும்பிட்ட பிள்ளை அது. நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். இப்போதும் அவள் யோசிக்கவில்லை. அந்தப் பெண்மணியின் முழங்காலைத் தொட முன்னால் குனிந்தாள். இருக்கை ஈரம். வழுக்கும் துணி. குனிந்தவள் அப்படியே முன்னால் போய்விட்டாள்.

நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா" என்று ஒரு சத்தம்தான் கேட்டது. குனிந்து பார்த்தால் பக்கத்தில் பிள்ளை இல்லை.

வலது கையில் ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் எப்படி அகப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அகப்பட்டது. ஆனால் அந்த ஜாக்கெட் இரண்டு அளவு பெரிது. நான் பிடித்த இடம் மேலே வந்தது, பிள்ளை கீழே போனாள். கைகள் இரண்டும் தலைக்கு மேல் எழும்ப, முகம் கழுத்துப் பட்டிக்குள் மறைந்தது. உடுப்பு என் கையிலும் பிள்ளை பனியிலும் என்று ஆகப்போவது எனக்குக் கண்முன்னே தெரிந்தது. கம்பியை விட்டுவிட்டு இடது கையால் அவள் கையைப் பிடித்தேன். பிடித்தது கையுறையை. அது கழன்று என் விரலில் நின்று, பிறகு கீழே போனது. சிவப்புக் கையுறை. அது விழுந்து முடிய நெடுநேரம் எடுத்தது போல இருந்தது. அப்போதுதான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று விளங்கியது. எங்கள் இரண்டாம் மாடி பல்கனியிலிருந்து கீழே பார்க்கிற உயரம். கீழே கிடந்தது புதுப் பனியும் அல்ல. இயந்திரம் ஓடி ஓடி இறுக்கிய பனி.

இரண்டாம் தடவை எட்டி மணிக்கட்டைப் பிடித்தேன். என் கையுறையும் வழுக்கியது. ஒரு கணம் ஜாக்கெட்டை விட்டு, வலது கையுறையைப் பல்லால் இழுத்துத் துப்பினேன், அந்த வெறுங்கையால் அவள் மணிக்கட்டை மாற்றிப் பிடித்தேன். இடது கைக்கு ஜாக்கெட். அவ்வளவுதான், அதற்கு மேல் என்னிடம் கை இல்லை.

லிஃப்ட் நின்றது. நின்ற வேகத்தில் நாற்காலி முன்னும் பின்னும் ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நானும் இருக்கையின் விளிம்பை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கினேன். அப்போது என் இடுப்பை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. அந்தப் பெண்மணி ஒரு கையை நாற்காலியின் பின்கம்பியில் கோர்த்துக்கொண்டு, மறு கையால் என் இடுப்புப் பட்டியைப் பிடித்திருந்தார். மேலே இழுக்காதே, இழுத்தால் மூவரும் போவோம், பிடித்துக்கொண்டு மட்டும் இரு என்றார். அதட்டித்தான் சொன்னார். அந்த அதட்டல் எனக்குத் தேவையாக இருந்தது.

"அப்பா, கை நோகுது."

"ஓம் குஞ்சு, தெரியும். அப்பா பிடிச்சிருக்கிறன். காலை ஆட்டாத."

"கீழ பாக்கட்டோ?"

"வேண்டாம். என்னைப் பார்."

பார்த்தாள். தலைக்கவசத்துக்குள் இரண்டு கண்கள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் இருக்கிறேன் என்ற நிம்மதியோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு பயத்தை ஊரில் ஷெல் விழுந்த காலத்தில்கூட நான் அறிந்ததில்லை.

கீழே ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். லிஃப்ட் பொறுப்பாளர் ஓடி வந்து அண்ணாந்து கத்தினார். பின்னால் ஓட்ட முடியாது, முன்னால் ஓட்டினால் நாற்காலி குலுங்கும், பிள்ளை விழுந்துவிடும். மேலேறி மீட்கும் ஆட்களுக்குச் சொல்லியாயிற்று, ஆனால் அவர்கள் வர நேரமாகும். எவ்வளவு நேரம் தாங்குவாய் என்று கேட்டார். என் வெறுங்கையின் விரல்களை நான் உணர்வது நின்றுபோயிருந்தது. அவை பிடித்திருக்கின்றன என்பது பார்த்தால்தான் தெரிந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார் போலும். திரும்பி ஏதோ சொன்னார். சரிவின் ஓரத்தில் வேலியாகக் கட்டியிருந்த தடித்த வலையை நாலைந்து பேர் கம்புகளோடு பிடுங்கினார்கள். வேறு இருவர் லிஃப்ட் தூணைச் சுற்றிக் கட்டியிருந்த பெரிய மெத்தையை அவிழ்த்து இழுத்து வந்தார்கள். வழியால் சறுக்கிப் போனவர்கள் நின்றார்கள், ஸ்கீயைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாத ஆட்கள் வலையை இரண்டு மடிப்பாக மடித்து, ஆளுக்கொரு ஓரம் பிடித்து, எங்களுக்கு நேர் கீழே வந்து நின்றார்கள். கீழே மெத்தை, மேலே வலை.

மகளின் ஒரு ஸ்கீ முன்பே கழன்று விழுந்திருந்தது. மற்றது காலில் நின்றது. அதோடு விழுந்தால் கால் முறியும், கீழே நிற்பவரின் மண்டையும் உடையும் என்று பொறுப்பாளர் கத்தினார். பெண்மணி என் இடுப்பை விட்டார். "இப்போது நீயே இரு" என்றார். மணிக்கட்டில் தொங்கிய தன் சறுக்குத் தடியைத் தலைகீழாக இறக்கி, மகளின் குதிகாலுக்குப் பின்னாலிருக்கும் பூட்டை அதன் முனையால் அமுக்கினார். வழுக்கியது. மறுபடி அமுக்கினார். மறுபடியும். அவருக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. கடைசியில் டக்கென்று கழன்றது. ஸ்கீ விழுந்தது, பெண்மணியின் கை திரும்ப என் இடுப்புக்கு வந்தது.

பிறகு கீழே எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். "லா லோஸ்! லா லோஸ்!" விடு, விட்டுவிடு.

என்னால் முடியவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது கை மரத்துப்போனதால் அல்ல. இந்த நாட்டுக்கு வரும் வழியில் ஓர் ஏஜென்டை நம்பி, எந்த நாடென்றே தெரியாத ஒரு காட்டில் எங்களை இறக்கிவிட்டு அவன் போன பிறகு, நான் அன்னியர் ஒருவரிடமும் எதையும் ஒப்படைத்ததில்லை. வீட்டுத் திறப்பைக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்ததில்லை. மகளைப் பிள்ளைக் காப்பகத்தில் விடக்கூடாது என்பதற்காகவே நான் இரவு வேலையும் மனைவி பகல் வேலையும் என்று மாறி மாறிப் பார்த்தோம். வாசலில் ஒருவர் உள்ளே வர, மற்றவர் வெளியே போவோம். இப்போது கீழே நிற்கும் இவர்களிடம் பிள்ளையைப் போடு என்கிறார்கள். எல்லோருக்கும் தலைக்கவசம், எல்லோருக்கும் முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஒரு கண்ணைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. இவர்கள் யார்? நான் விட்ட பிறகு இவர்கள் விட்டால்?

பெண்மணி என் காதருகே, இந்த முறை அதட்டாமல், சொன்னார். நீ விடாவிட்டாலும் அவள் விழத்தான் போகிறாள். இப்போது விழுந்தால் அவர்கள் தயாராக நிற்கிறார்கள்.

அது உண்மை. நான் மகளைப் பார்த்தேன்.

"குஞ்சு, இப்ப அப்பா உன்னை விடப்போறன். கீழ ஆக்கள் பிடிப்பினம்."

அப்போதுதான் அவள் முகம் மாறியது. கையுறை போன வெறுங்கையால் என் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டாள்.

"மாட்டன். நீங்கள்தானே சொன்னனீங்கள், அப்பான்ர கைய விடக்கூடாதெண்டு."

சொன்னதுதான். சூரிச் ரயில் நிலையத்தில், ரோட்டைக் கடக்கும்போது, கோயில் திருவிழாச் சனத்துக்குள், ஆயிரம் தடவை சொன்னதுதான். என் பிள்ளை சொல்வழி கேட்கிற பிள்ளை. அந்த நிமிடத்தில் அதுவே எனக்கு எதிரியாக நின்றது.

"ஓமம்மா, நான்தான் சொன்னனான். இப்பவும் நான்தான் சொல்லுறன். விடு."

"அவையள் ஆர் அப்பா?"

நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் வாய் தானாகச் சொன்னது.

"எங்கட ஆக்கள்தான் குஞ்சு. விடு."

அவள் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கடைசி விரல் போன பிறகு, நானும் திறந்தேன்.

விழும்போது அவள் கத்தவில்லை. கத்தியது நான். வலை கீழிருந்த மெத்தை வரை தொய்ந்தது, பிடித்திருந்தவர்களில் இருவர் முழங்காலில் விழுந்தார்கள், ஆனால் ஓரத்தை ஒருவரும் விடவில்லை. பிறகு எல்லோருடைய தலையும் உள்ளே குனிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலைக்கவசங்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் அழுகை எழும்பியது, கூடவே தமிழில் ஒரு முறைப்பாடும்.

"என்ர கிளவ்ஸ் எங்க?"

கீழே நின்ற ஒருவருக்கும் அது விளங்கியிருக்காது. ஆனாலும் எல்லோரும் கைதட்டினார்கள். பொறுப்பாளர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். நான் மூக்கைத் துடைக்கக் கூட முடியாமல் அழுதேன்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நாற்காலி திரும்ப ஓடத் தொடங்கியது, என்னை மேலே கொண்டு போனது. வேறு வழியில்லை, லிஃப்ட் ஒரு பக்கம்தான் ஓடும். நான் இப்போதுதான் கையிலிருந்து விட்ட பிள்ளை, முகமில்லாத அந்தக் கூட்டத்தின் நடுவே சின்னப் புள்ளியாகிக்கொண்டே போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு மேடு வந்து அதையும் மறைத்தது.

பெண்மணி காப்புக் கம்பியை இறக்கினார். என் நீலம் பாரித்த கையை எடுத்துத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். பிள்ளை எதை எடுக்கக் குனிந்தாள், ஏதாவது விழுந்ததா என்று கேட்டார். எனக்கு ஜெர்மன் மொழியில் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் காலில் அவள் கால் பட்டுவிட்டது, எங்களிடம் அது மரியாதையில்லை, உங்களைத் தொட்டு மன்னிப்புக் கேட்கப் போனாள் என்று ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன்.

அவர் என்னை நம்பாதவர் போலப் பார்த்தார். "என்னிடமா?" என்றார். பிறகு தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடியை அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

மேலிருந்து அவர் முன்னே போக, நான் பின்னால் விழுந்து விழுந்து வந்து சேர்ந்தேன். நான் ஓடிய அந்த ஓட்டத்தைப் பார்த்திருந்தால் போர்த்துக்கீசியர் என்னோடு கதைப்பதையே விட்டிருப்பார். லிஃப்ட் குடிசைக்குள் மகள் ஒரு போர்வைக்குள் இருந்து சூடான சாக்லேட் பால் குடித்துக்கொண்டிருந்தாள். உதட்டுக்கு மேலே மீசை. அம்புலன்ஸ் ஆட்கள் வந்து பார்த்திருந்தார்கள், தோளில் சின்ன நோவைத் தவிர ஒன்றுமில்லை என்றார்கள். நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். பால் என் உடுப்பெல்லாம் ஊற்றுப்பட்டது.

என் தோளுக்கு மேலால் அவள் அந்தப் பெண்மணியைக் கண்டாள். போர்வையை விலக்கி இறங்கிப் போய், அவருடைய முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பாதியில் நின்ற வேலையை முடித்துவிட்டுத் திரும்ப வந்து பாலைக் குடித்தாள்.

நான் வெளியே ஓடினேன், வலை பிடித்தவர்களுக்கு நன்றி சொல்ல. ஒருவரும் இல்லை. வலை திரும்ப வேலியில் கட்டப்பட்டிருந்தது, மெத்தை தூணில் ஏறியிருந்தது. அவர்கள் யார் என்று பொறுப்பாளரைக் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். வழியால் போனவர்கள், போய்விட்டார்கள் என்றார். பதிவாக ஒன்றும் இல்லை, பெயர் கேட்க நேரமும் இருக்கவில்லை. சரிவைப் பார்த்தேன். நூறு பேர் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தலைக்கவசம், எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி. பொழுதுபடும் வரை அங்கே நின்று, வருகிறவர் போகிறவரையெல்லாம் பார்த்துத் தலையசைத்தேன். பாவம், சிலர் பயந்துபோய் விலகிப் போனார்கள்.

மனைவியிடம் அன்று இரவே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளையின் தோளுக்கு எண்ணெய் பூசினாள், பிறகு என் கைக்கும் பூசினாள். அடுத்த குளிர்காலம் மகளைத் திரும்ப அனுப்பினோம். ஜாக்கெட் அப்போது ஏறக்குறைய அளவாக இருந்தது. இப்போது அவள் என்னைவிட நன்றாக ஓடுகிறாள், நான் விழுந்தால் காத்து நிற்கிறாள்.

என்னைக் கேட்டால், நான் இன்னும் சட்டென்று கோபம் வருகிற மனிதன்தான். ஆனால் ரயிலில் என் பையை முறைத்துப் பார்ப்பவரிடமும், கடை வரிசையில் பின்னால் நின்று பெருமூச்சு விடுபவரிடமும், கட்டிடத்துக்குப் பொதுவான துணி துவைக்கும் அறையில் எங்கள் முறை முடிந்து ஐந்து நிமிடமாகிவிட்டது என்று மணியடித்துச் சண்டைக்கு வரும் கீழ் வீட்டுக்காரரிடமும் வாயைத் திறக்கப் போகும்போது, அன்று வலையின் ஓரத்தைப் பிடித்தது இவராகவும் இருக்கலாமே என்று ஒரு நினைப்பு வருகிறது, அவர்களின் முகத்தை நான் பார்க்காததால் இவர் இல்லை என்று சொல்ல முடியாமல் நான் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.